ஒரு காது அவளுக்கு

ஏன் கண்ணு, அந்தப் போன்ல ஓடறது ஜப்பான்காரன் பொம்மைப் படந்தானே? காதுல மாட்டியிருக்கறதை எதுக்குக் கழட்டற, நீ பாரு, நீ பாரு. சும்மா கேட்டேன். கண்ணு ரெண்டும் தட்டாட்டம், மூக்கு ஒரு புள்ளி, காத்தே இல்லாம முடி பறக்குது, அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். கார்ட்டூன்னு சொல்லக் கூடாதாமா. அனிமேன்னு சொல்லோணுமாமா. என்ற பொண்ணு சொல்லிக் குடுத்திருக்கறா.

அவளைப் பாக்கத்தான் ஓசூருக்கு வந்தேன். பாத்தாச்சு, இப்பத் திரும்பி ஊட்டுக்குப் போறேன். ஈரோட்டுக்கு இந்தப் பக்கம், சித்தோடு. நீ சேலத்துலயே எறங்கிருவியா? அப்பச் செரி, அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும் கண்ணு. நீ இதெல்லாம் பாக்கற புள்ள, உனக்குத் தெரியும். ஒரு பாகம் பூராவும் ரெண்டு பேரு உக்காந்து பேசிக்கிட்டே இருக்கறாங்கன்னு வெய்யி. சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒண்ணும் இல்லை. அதைப் பாத்து முடிச்ச பொறகு என்ன சொல்லோணும்? ஏதாச்சும் சொல்லோணுமா, சும்மா இருக்கோணுமா?

சிரிக்காத. எனக்கு நெசமாவே தெரியலை.

எனக்கு ரெண்டு புள்ளைக. மூத்தவன் பையன், அடுத்தது இவ, சங்கவி. பையன் இப்ப இல்லை. மழை நாள்ல வண்டியில வந்துட்டிருந்தான், லாரி. ரெண்டு வருசம் தாண்டிருச்சு. அதை விடு. அதைப் பத்தி நாங்க ஊட்ல பேசறதில்லை. பேசி என்ன ஆகப் போவுது சொல்லு. பேரா? பேரு என்னத்துக்கு கண்ணு இப்ப. நான் சொல்ல வந்தது பொண்ணைப் பத்தி.

இந்தப் பொண்ணு பேசவே மாட்டேங்கறா. அதுதான் என்ற கொறை. சின்ன வயசுல வாயாடி. ரெண்டும் சேந்துட்டா ஊடு ஊடாவே இருக்காது. இப்பப் போன் பண்ணுனா, "சாப்டேன்", "செரிம்மா", "வெக்கறேன்". மூணே பதிலு. யாரு பேசுனாலும் இதே மூணு. நான் என்ன பண்ணுனேன், நீயே சொல்லு. நான் பேசாத ஆளா? தெருவுல என்னைக் கேட்டுப் பாரு, சாந்தாமணி வாய் தொறந்தா மூட மாட்டாம்பாங்க.

அவன் காரியம் முடிஞ்சதுமே நான் ஊட்டுக்குள்ள ஒரு முடிவு பண்ணிட்டேன். எல்லாரும் விழுந்து கெடந்தா யாரு எந்திரிக்கறது? எங்கூட்டுக்காரரு கடையைத் தொறக்காம சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. தண்ணி மோட்டாரு ரிப்பேர் பண்ற கடை எங்களுது. இவ காலேஜுக்குப் போவாமப் படுத்துக் கெடந்தா. நாந்தான் எந்திரிச்சேன். அவன் துணிமணியெல்லாம் மூட்டை கட்டி ஆசிரமத்துக்குக் குடுத்தேன். அவன் ரூம்பு சுவத்துல பூராவும் இந்தப் பொம்மைப் படந்தான் ஒட்டி வெச்சிருந்தான், கத்தி வெச்சுக்கிட்டு, தொப்பி போட்டுக்கிட்டு. எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டு, பெயிண்டருக்குச் சொல்லி எளம்பச்சையில அடிச்சு உட்டேன். பளிச்சுன்னு ஆயிருச்சு ரூம்பு. சங்கவி கதவு நெலவுல சாஞ்சு நின்னு பாத்துட்டே இருந்தா. "நல்லாருக்குதா பாப்பா?"ன்னு கேட்டேன். "ம்"ன்னா. அவளுக்கும் புடிச்சுத்தான் இருந்துச்சுன்னு நெனைக்கறேன்.

செரி, பொம்மைப் படத்துக்கு வாரேன்.

அது ஒரு தொடரு. பனிமூட்டத்துக்குள்ள இருந்து ஏதோ பூதம் பூதமா வருது, அதை வெட்டறதுக்கு ஒரு படை. சின்னஞ்சிறுசுகதான் படையில. பையனும் பொண்ணும் இதைச் சேந்து உக்காந்து பாப்பாங்க. சனிக்கெழமை சனிக்கெழமை ஒரு பாகம் வரும். சோத்துத் தட்டோட உக்காந்துக்கும் ரெண்டும். அவன் எந்திரிச்சு நின்னு வெளக்கமாத்தை வீசிக் காட்டுவான். ஒருக்கா டியூப்லைட்டு ஒடஞ்சே போச்சு. நான் போட்ட சத்தம்... அதை விடு.

அவன் போனதுக்கப்பறந்தான் அதுல அடுத்த பாகமெல்லாம் வந்துச்சாமா. இவ பாக்கவே இல்லை. நெம்ப நாளு கழிச்சு, போன வருசம் கடைசிப் பரிச்சையெல்லாம் எழுதிட்டு ஊட்ல இருந்தா பாரு, அப்ப ஒரு நாள் சாயங்காலம் வந்து நிக்கறா. நான் கூடத்துல பூண்டு உரிச்சுட்டிருந்தேன். "அம்மா, செத்த நேரம் எங்கூட உக்காந்து ஒண்ணு பாக்கறியா?"ன்னா.

"என்ன படம்?"னேன்.

"நானும் அண்ணனும் பாப்பமல்ல, அது. அண்ணன் பாக்காத பாகம். நான் நேத்து பாத்துட்டேன். உங்கூட ஒருக்காப் பாக்கோணும்."

"செரி, போடு போடு"ன்னேன். அவளா வந்து கூப்பிடறாளே, சந்தோசந்தான் எனக்கு. பூண்டு மொறத்தை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். எங்கூட்டுக்காரரு அந்தப் பக்கம் சேர்ல பேப்பரை விரிச்சுட்டு உக்காந்திருந்தாரு.

பேச்செல்லாம் ஜப்பான் பாசை. கீழ இங்கிலீசுல எழுத்து ஓடுது. எனக்கு எங்க படிக்க வருது? அதனால சங்கவியே அவிய பேசப் பேசத் தமிழ்ல சொன்னா. நல்லாச் சொன்னா, கதை சொல்றாப்பல.

கதை என்னன்னா, அந்தப் படையில ஒரு பொண்ணு. கூட இருந்த பையன் ஒருத்தன் சண்டையில செத்துட்டான். அவன் அம்மாவைப் பாக்கறதுக்கு அந்தப் பொண்ணு பனியில நடந்து வருது. அந்தம்மா கதவைத் தொறந்து, வா உக்காருன்னு சொல்லி, டீ போடுது. அவ்வளவுதான் கண்ணு. அதுக்கப்பறம் ரெண்டும் மேசைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உக்காந்து பேசுதுக. என்ன பேசறாங்கன்ற? கூரை ஒழுவுதாமா. இந்த வருசம் பழம் நல்லாக் காச்சிருக்குதாமா. அந்தம்மா ஒரு பழத்தை எடுத்துத் தோலு சீவுது. சீவுது, சீவுது, சீவிக்கிட்டே இருக்குது. தோலு நீளமாத் தொங்கறதையே காட்டறான். டீயில இருந்து ஆவி போறதைக் காட்டறான். ஜன்னல்ல பனி விழுகறதைக் காட்டறான். அப்பறம் திருப்பியும் பழம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம் பாப்பா, உடம்பே அசையாம வாய் மட்டும் அசையுது, படம் வரையறதுக்குச் சோம்பேறித்தனமா?"ன்னேன். "இரும்மா"ன்னா. "பூதம் எப்ப வரும்?"னேன். "இதுல வராதும்மா"ன்னா. "பூதம் வராத பாகத்தை எதுக்கு எனக்குக் காட்டற?"ன்னேன். அவ சத்தத்தைக் கூட்டி வெச்சா. "செத்துப் போனவன் ஊட்டுக்கு வந்துட்டு இந்தப் பொண்ணு எதுக்கு இப்படி மரம் மாதிரி உக்காந்திருக்குது? அந்தம்மாவும் பாரு, பையன் போயிட்டான், பழத்தைச் சீவிட்டு உக்காந்திருக்குது, கல்லு மனசு"ன்னேன். பூண்டை உரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். எங்கூட்டுக்காரரு பேப்பருக்கு மேல இருந்து என்னைய ஒரு பார்வை பாத்தாரு. எதுக்குப் பாத்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அப்பப் பாத்து போன் அடிச்சுது. எங்க நங்கையா, எங்கூட்டுக்காரரோட அக்கா. அவிய ஊட்ல வளைகாப்பு, எடுக்காம இருக்க முடியுமா? கொல்லைப்பக்கம் போய்ப் பேசிட்டு வந்தேன். கொஞ்சம் நீண்டுதான் போச்சு. வந்து பாத்தா, அந்தம்மா மொகத்தை அப்படியே நிறுத்தி வெச்சிருக்கறா சங்கவி. நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கறா. நான் உக்காந்ததும், "போடு பாப்பா"ன்னேன். அவ லேப்டாப்பை டப்புன்னு மூடி வெச்சுட்டு, "முடிஞ்சுதும்மா"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. முடிஞ்சுதுன்னா முடிஞ்சுதுன்னுதானே நான் நெனைப்பேன்?

அதுக்குப் பொறகுதான் இந்த ஓசூர் வேலை. பெருந்துறையிலயே ஒரு கம்பெனியில கூப்பிட்டாங்க, தெனம் ஊட்டுக்கு வந்துறலாம். வேண்டான்னுட்டு இங்க வந்து ஆஸ்டல்ல சேந்துக்கிட்டா. பொங்கலுக்கு வரலை, லீவு இல்லைன்னா. ஓசூர்ல அவ கம்பெனியிலயே வேலை செய்யற எங்க தெருப் பையன் வந்திருந்தான், கரும்பு கடிச்சுட்டு நிக்கறான். நான் கேக்கலை. கேட்டா மூணு பதில்ல ஒண்ணுதானே சொல்லுவா.

நான் இதை எங்கூட்டுக்காரரு கிட்டப் பொலம்பிக்கிட்டே இருந்தேன். அவரு பேசறது அபூர்வம். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தவரு, துண்டுல தொடச்சுக்கிட்டே சொல்றாரு, "அன்னிக்கு அந்தப் படத்துல நீ பாதியில எந்திரிச்சுப் போயிட்டே. அந்தப் புள்ள படத்தை நிறுத்திட்டு கொல்லை வாசலையே பாத்துட்டு இருந்துச்சு. நீ சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டிருந்தே."

"அதுக்கு?"ன்னேன்.

"அதுக்கு ஒண்ணுமில்லை"ன்னுட்டுப் படுக்கப் போயிட்டாரு.

அட, இதுதான் சங்கதியான்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. நான் நடுவுல நடுவுல பேசுனது அவளுக்குப் புடிக்கலை. அவ்வளவுதானே? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குப் படம் பாக்கறப்பப் பேசுனா ஆகாது. உனக்குந்தான். பாவம், நீ எனக்காக நிறுத்தி வெச்சிருக்கற. இதைச் செரி பண்றது பெரிய காரியமான்னு, மறுவாரமே பஸ் ஏறிட்டேன். சொல்லிக்காம வந்து நின்னேன் ஆஸ்டல் வாசல்ல. எறங்கி வந்தவ பயந்துட்டா. "அப்பாவுக்கு என்னம்மா?"ன்னா. "அப்பாவுக்கு ஒண்ணுமில்லை. அந்தப் படத்தைப் பாக்க வந்தேன்"னேன்.

அவளுக்குப் புரியலை. "எந்தப் படம்?"

"அந்தம்மா பழம் சீவுமே. அது. பேசாமப் பாக்கறேன் பாப்பா. முழுசாப் பாக்கறேன்."

என்னைய அப்படியே பாத்தா கண்ணு. அவ மொகத்துல அந்தப் பழைய சங்கவி ஒரு நிமிசம் எட்டிப் பாத்துட்டுப் போனாப்பல இருந்துச்சு.

ரூம்புக்குள்ள வெளியாளை உட மாட்டாங்களாமா. கீழ பெத்தவிய வந்தா உக்காரறதுக்கு ஒரு எடம், பிளாஸ்டிக் சேரு. பக்கத்துல வேற ஒரு குடும்பம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு ஒரே சத்தம். சங்கவி போன்ல போட்டா. காதுல மாட்டறது ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு. என்ற தோளுல தோளு ஒட்டி உக்காந்துக்கிட்டா. எத்தனை நாளாச்சு அவ அப்படி ஒட்டி உக்காந்து.

திருப்பியும் டீ. திருப்பியும் கூரை ஒழுவுது. நான் வாயைத் தொறக்கலை. முந்தானையைச் சுருட்டிக் கையில புடிச்சுக்கிட்டேன். அவ காதுக்கிட்ட மெல்லமாத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வாரா. பழம் சீவுனாங்க. நான் பேசலை. ஆவி போச்சு. பேசலை. நான் போன் பேசப் போன எடம் வந்துச்சு. அதுக்குப் பொறகு நான் பாக்காதது.

அந்தம்மா கத்தியைக் கீழ வெக்குது. அந்தப் பொண்ணைப் பாக்குது. ஏதோ கேக்குது. சங்கவி சொல்றா, "என்ற பையன் அங்க சிரிச்சானா? எனக்கு நீ அதை மட்டும் சொல்லு, அப்படின்னு கேக்கறாங்கம்மா."

முந்தானையை உட்டுட்டுச் சேரைப் புடிச்சுக்கிட்டேன். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை பாரு, பஸ்ஸு வேற.

அப்பறம் அந்தப் பொண்ணு சொல்லுது. நீளமாச் சொல்லுது. சங்கவியும் சொல்லிக்கிட்டே வாரா. "அவன் நெம்பச் சிரிப்பானுங்க. எங்களையும் சிரிக்க வெப்பான். சண்டைக்குப் போறதுக்கு முந்தி எல்லாரும் பயந்துட்டு இருப்போம், அவன் மட்டும் ஏதாச்சும் பண்ணுவான். தூக்கம் வரலைன்னா அவங்கிட்டத்தான் போவேன்." நான் கேட்டுக்கிட்டே இருக்கறேன். "தட்டுல தயிர்ச்சோத்தைப் போட்டுக்கிட்டு என்ற ஊறுகாயையும் எடுத்துக்குவான். குடுக்கலைன்னா வெளக்கமாத்தை எடுத்துட்டுத் தொரத்துவான். டியூப்லைட்டை ஒடச்சது அவன் இல்லைங்க, நாந்தான். எனக்குத் திட்டு விழுகக் கூடாதுன்னு அவன் ஒடச்சதாச் சொன்னான்."

ஜப்பான்ல ஏது கண்ணு தயிர்ச்சோறு?

போனைப் பாத்தேன். அந்தப் பொம்மைப் பொண்ணு வாயை மூடிருச்சு. டீ டம்ளரைப் பாத்துட்டு உக்காந்திருக்குது. பனி விழுந்துட்டு இருக்குது. சங்கவி மட்டும் சொல்லிக்கிட்டே இருக்கறா. என்ற பக்கம் திரும்பலை, போனையே பாத்துக்கிட்டுத்தான் சொல்றா. "கடைசியாப் போறப்ப, வாரப்ப உனக்குப் பரோட்டா வாங்கிட்டு வாரேன்னான். அதை நான் எங்கம்மா கிட்ட இன்னும் சொல்லலைங்க."

நான் வாயைத் தொறக்கலை கண்ணு. பேசக் கூடாதுன்னுதானே அத்தனை தொலைவு வந்திருக்கறேன். அன்னிக்கு மாதிரி நடுவுல பேசி, அவ மூடி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா? பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல பிரியாணி தின்னுட்டிருந்த பொம்பள கூட எங்களைத் திரும்பிப் பாத்தா. நான் கல்லாட்டம் உக்காந்திருந்தேன். கண்ணுல தண்ணி வந்துறக் கூடாதுன்னு மேல சுத்தற ஃபேனைப் பாத்துக்கிட்டேன்.

படம் முடிஞ்சு எழுத்து ஓடுச்சு. அந்தம்மா கடைசியில அழுதுச்சான்னு கூட நான் பாக்கலை, ஃபேனைப் பாத்துட்டு இருந்ததுல. சங்கவி காதுல இருந்து எடுக்கலை. நானும் எடுக்கலை. பாட்டு ஒண்ணு ஓடி அதுவும் நின்னு போச்சு. அப்பவும் அவ அப்படியே உக்காந்திருந்தா, தோளை ஒட்டிக்கிட்டு.

பொறகு கேட்டா, "எப்படிம்மா இருந்துச்சு?"

கேட்டுட்டு என்ற மொகத்தையே பாக்கறா.

எனக்கு என்னென்னமோ வாயில வந்துச்சு கண்ணு. டியூப்லைட்டு நீயா ஒடச்ச, கழுதைன்னு கூட வந்துச்சு. ஆனா அதைச் சொன்னா அடுத்தது அவன் பேரு வரும். பேரு வந்தா நான் அங்கயே விழுந்துருவேன். அத்தனை பேரு பிரியாணி தின்னுட்டு உக்காந்திருக்கற எடத்துல அவளுக்கு அசிங்கமாப் போயிராதா? அவ இனிமேல் அங்க இருக்கோணுமே. அதனால, "நல்லாருந்துச்சு பாப்பா. மெதுவாப் போனாலும் நல்லாருந்துச்சு"ன்னேன்.

"அவ்வளவுதானாம்மா?"

"நான் ஒரு வார்த்தை பேசலை, பாத்தியல்ல?"ன்னேன்.

"பாத்தேம்மா"ன்னா. காதுல இருக்கறதை எடுத்துச் சுத்தி வெச்சா. "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னா.

நீயே சொல்லு. அன்னிக்குப் பேசுனேன், அது தப்பாப் போச்சு. இன்னிக்குப் பேசலை, அதுவும் தப்பாப் போச்சு. நான் எதைப் பண்ணுனா இந்தப் புள்ளைக்கு ஆகும்? என்ன கண்ணு, உனக்கெதுக்குக் கண்ணு கலங்குது? ஏசிக் காத்து மூஞ்சியிலயே அடிக்குது பாரு, அதைத் திருப்பி உடு.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தா. "சாப்டுட்டுப் போம்மா"ன்னா, வேண்டான்னுட்டேன். நான் ஏறி, இதே சீட்டுல உக்காந்தேன். கண்ணாடி தொறக்க முடியாத பஸ்ஸு. அவ கீழ நிக்கறா. கையாட்டுவான்னு நான் கையைத் தூக்குனேன். ஆட்டலை. பஸ்ஸை எடுத்துட்டான், இஞ்சின் உறுமுது, பின்னால ஒருத்தன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான். அப்பப் பாத்துப் பேசறா கண்ணு அவ. ஜன்னலுக்குப் பக்கத்துலயே நடந்து வந்துக்கிட்டு, என்னையப் பாத்து, பேசிக்கிட்டே வாரா. வாய் அசையறது தெரியுது. ஒண்ணுங் கேக்கலை. நான் கண்ணாடியில காதை வெச்சுப் பாத்தேன், இஞ்சின் சத்தந்தான். என்ன பண்றதுன்னு தெரியாம, எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே வந்தேன். பஸ்ஸு திரும்பி ரோட்டுக்கு வர்ற வரைக்கும் ஆட்டுனேன்.

போன் பண்ணிக் கேக்கறதா? கேட்டேனே. கிருஷ்ணகிரி வரும்போதே கேட்டேன். "ஒண்ணுமில்லைம்மா, பாத்துப் போன்னு சொன்னேன்"னா.

இருக்கும். அப்படித்தான் சொல்லியிருப்பா.

ஆனா பாத்துப் போன்னு சொல்றதுக்கு அத்தனை நேரம் ஆகாது கண்ணு.